நேற்று வரை மாப்ளே

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், பயிற்சிப் பிரிவில் பதினோரு வருடம் இருந்தேன். அங்கே நான் திரும்பத் திரும்பப் பார்த்தது, நல்ல தொழிலாளி ஒருவர் சூப்பர்வைசர் ஆவதை. ஐ.டி.ஐ. முடித்து வந்தவர், மெஷின் சத்தத்தை வைத்தே டூல் மழுங்கிவிட்டது என்று சொல்லிவிடுவார். ஆறேழு வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை அவருக்கு வேறு நிறச் சட்டை கொடுப்பார்கள். லேத் ஓட்ட இரண்டு வருடம் கற்றுக்கொடுத்தார்கள். இருபது பேரிடம் வேலை வாங்குவதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

"நேத்து வரைக்கும் மாப்ளேன்னு கூப்பிட்டவன், இன்னிக்கு சார்ங்கறான். அதுவும் நக்கலா" என்றார் ஒருவர். டீ பிரேக்கில் தனியாக நிற்க ஆரம்பித்திருந்தார்.

இப்படிப் பதவி உயர்ந்தவர்களை வருடம் ஒருமுறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டுக்கு அழைத்துப் போவோம். இரண்டு நாள், லீடர்ஷிப் புரோகிராம். (தமிழில் 'தலைமைப் பண்பு' என்று எழுதினால் பள்ளிப் பேச்சுப்போட்டித் தலைப்பு மாதிரி ஆகிவிடுகிறது.) கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது, வேகாத ஸ்பகெட்டியில் கோபுரம் கட்டுவது. விளையாட்டுகளைக் குறை சொல்ல மாட்டேன், எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் நாள் மதியம் அதே மனிதர் எழுந்து கேட்டார். "என் கூட்டாளி ஒருத்தன் இந்த மாசம் மூணு தடவை லேட். மெமோ கொடுக்கலன்னா லைன்ல மத்தவங்க பேசுவாங்க. கொடுத்தா அவன் என்கிட்ட பேச மாட்டான். என்ன சார் பண்றது?" பயிற்சியாளர், அருமையான கேள்வி என்று சொல்லி, அதைப் 'பார்க்கிங் லாட்' என்று தலைப்பிட்ட சார்ட்டில் எழுதி ஒட்டினார். மறுநாள் சாயங்காலம் மற்ற சார்ட்டுகளோடு அதையும் சுருட்டிக் கட்டினார்கள். கருத்துப் படிவத்தில் எல்லோரும் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தார்கள்.

டொனால்ட் கிர்க்பாட்ரிக் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1959இலேயே பயிற்சியை நான்கு படிகளில் அளக்கச் சொல்லிவிட்டார். வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையிடத்தில் நடந்துகொள்ளும் விதம் மாறியதா, அதனால் பலன் உண்டா. நான் பார்த்த இடங்களில் எல்லாம் முதல் படியோடு கணக்கை முடித்துவிடுவார்கள். இப்போது ரிசார்ட்டுக்குப் பதில் செல்போனில் ஐந்து நிமிட வீடியோ. கம்பெனி பஸ்ஸில் அதை ஓடவிட்டுத் தூங்கிவிடுகிறார்கள். டேஷ்போர்டு நூறு சதவீதம் காட்டுகிறது.

இதற்கெல்லாம் முந்திய ஒரு முறை உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க ஆலைகளுக்கு அனுபவமே இல்லாத ஆட்கள் வந்து குவிந்தபோது, 1940இல் அரசு 'டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி' என்று ஒன்றைத் தொடங்கியது. பத்துப் பேர், தினம் இரண்டு மணி நேரம், ஐந்து நாள். 1945க்குள் 16,000க்கும் மேற்பட்ட ஆலைகளில் நடந்திருக்கிறது. போருக்குப் பின் ஜப்பானுக்குப் போய் டொயோட்டாவில் வேர்பிடித்தது.

அதில் எனக்குப் பிடித்தது முதல் நாள் பாடம். பல்பு ஹோல்டருக்குள் ஒயரில் ஒரு முடிச்சுப் போடுவார்களே, இழுத்தாலும் ஸ்க்ரூவில் பாரம் விழாமல் இருக்க, அந்த முடிச்சு. பயிற்சியாளர் அதை வாயால் மட்டும் விளக்குவார், போட வராது. பேசாமல் போட்டுக் காட்டுவார், அப்போதும் வராது. பிறகு ஒவ்வொரு படியாகக் காட்டி, எந்த இடத்தில் கவனம் வேண்டும், ஏன் என்பதையும் சொல்லி, கற்பவரையே போடவைப்பார். அவர் செய்துகொண்டே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நம் ஊர் எலக்ட்ரீஷியன்கள் பையன்களுக்குக் கற்றுக்கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். "பார்த்துக்கோ" என்பதோடு சரி.

ஆட்களிடம் பழகுவதற்கும் அதில் தனியாக ஐந்து நாள் உண்டு. அதில் விளையாட்டு கிடையாது. ஒவ்வொரு சூப்பர்வைசரும் தன் லைனில் உண்மையில் நடக்கும் ஒரு தகராறைக் கொண்டுவர வேண்டும். விவரங்களை முழுசாகச் சேர்த்தாயா, சம்பந்தப்பட்டவனிடம் பேசினாயா என்பதுதான் முதல் கேள்வி. தண்டனையெல்லாம் அதற்கு அப்புறம்.

கேன்டீன் மூலையில், ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இதை நடத்த அனுமதி வாங்கினேன். செலவு டீயும் வடையும் மட்டும் என்பதால் கிடைத்தது என்று நினைக்கிறேன். எட்டுப் பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் அவர் தன் முறை வந்ததும் சொன்னார். ரிசார்ட்டிலிருந்து திரும்பிய வாரமே மெமோ கொடுத்துவிட்டார். நண்பன் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, வேறு ஷிஃப்ட்டுக்கு எழுதிக்கொடுத்துப் போய்விட்டான்.

பெயின்ட் ஷாப்பிலிருந்து வந்திருந்த மூத்தவர் கேட்டார். "ஏன் லேட்டாச்சுன்னு கேட்டியாப்பா?"

"கேக்கலண்ணே. எல்லார் முன்னாடியும் எப்படிக் கேக்கறது?"

"அவங்கப்பாவுக்கு டயாலிசிஸ் நடக்குது. காலைல கொண்டுபோய் விட்டுட்டு வரான். எங்க தெருதான்."

அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார். அவன் இப்போது எந்த ஷிஃப்ட்டில் இருக்கிறான் என்று என்னைக் கேட்டார். நைட் என்றேன். கேன்டீன் கடிகாரத்தைப் பார்த்தார். நைட் ஷிஃப்ட் பஸ் வர இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது.