மோசெல் நதிக்கரையில் முதுகில் சைக்கிள் சுமந்த வீடுகள்



ஜேர்மனியின் மேற்குப் புறத்தில் மோசெல் என்றொரு நதி ஓடுகின்றது. பிரான்சிலே பிறந்து, லக்ஸம்பேர்க்கின் எல்லையைத் தொட்டு, ரோமர் காலத்துக் கருங்கோட்டை வாசல் இன்றும் நிற்கும் ட்ரியர் நகரைக் கடந்து, கொப்லென்ஸ் என்னுமிடத்தில் ரைன் நதியோடு கலந்து விடுகின்றது. ட்ரியரிலிருந்து கொப்லென்ஸுக்கு அதிவேகப் பாதையால் போனால் ஏறத்தாழ 130 கிலோ மீற்றர். நதியோ அவசரப்படாமல் நெளிந்து வளைந்து அதனை ஏறத்தாழ 190 கிலோ மீற்றர் ஆக்கிக் கொள்கின்றது. இரு கரையிலும் செங்குத்தான மலைச் சரிவுகள். சரிவு முழுவதும் திராட்சைத் தோட்டங்கள். அந்தத் திராட்சை எதற்காகப் பயிரிடப்படுகின்றது என்பது உங்களுக்குத் தெரியும்; அதை அவர்களிடமே விட்டுவிட்டு நாம் கரைக்கு வருவோம்.

கோடை காலத்தில் இந்தக் கரையோரக் கிராமங்களைப் பார்த்தால், நதியைப் பார்த்தபடி வெள்ளை நிற வாகனங்கள் வரிசையாக நிற்பதைக் காண்பீர்கள். வேனும் அல்ல, பஸ்ஸும் அல்ல. உள்ளே கட்டில், அடுப்பு, குளிரூட்டி, தண்ணீர்த் தாங்கி, மலசலகூடம் எல்லாம் உண்டு. மோட்டார் ஹோம் என்று ஆங்கிலேயர் சொல்வதை ஜேர்மனியர் வோன்மொபீல் என்பர். நம் பாஷையில் வீட்டு வாகனம் எனலாம். இவ்வாகனங்களின் பின்புறத்தைக் கவனியுங்கள். ஏறக்குறைய எல்லாவற்றின் முதுகிலும் இரண்டு சைக்கிள்கள் தொங்கும். அவற்றுள் பெரும்பாலானவை இன்று மின் சைக்கிள்கள்.

வீடே சில்லு பூட்டி வந்திருக்கும்போது சைக்கிள் எதற்கு? நியாயமான கேள்விதான். ஏழு மீற்றர் நீளமான வாகனத்தை ஓட்டிக்கொண்டு கல் பாவிய பழைய வீதிகளுக்குள் நுழைய முடியாது. ஒருமுறை நதிக்கரையில் நிறுத்தி, கதிரை மேசையை வெளியே விரித்த பின், ஒரு பாண் வாங்குவதற்காக முழு வீட்டையும் கிளப்பிக்கொண்டு போவதா? ஆகவே சைக்கிள் வேண்டும். ஆனால் இந்த வாகனங்களில் வருவோரில் பலர் ஓய்வு பெற்றவர்கள், முழங்கால் நோவுள்ளவர்கள். மலைச்சரிவு அவர்களுக்கு ஆகாது. இங்கேதான் மின் சைக்கிள் கைகொடுக்கின்றது. 1993இல் ஜப்பானின் யமஹா நிறுவனம், மிதிக்கும்போது மோட்டார் உதவும் சைக்கிளைச் சந்தைக்கு விட்டது. முப்பது வருடங்கள் கழித்து, 2023இல், ஜேர்மனியில் சாதாரண சைக்கிளை விட மின் சைக்கிள் அதிகமாக விற்பனையாகியது. ஐரோப்பியச் சட்டப்படி 250 வோட்ஸ் மோட்டார். மணிக்கு 25 கிலோ மீற்றருக்கு மேல் போனால் மோட்டார் உதவி நின்றுவிடும். இந்த வகைக்குச் சாரதி அனுமதிப்பத்திரமோ இலக்கத் தகடோ தேவையில்லை.

சகோதரிகளே! இதை ஏற்றிப் போவதில் என்ன பெரிய சிரமம் என்று நினைத்துவிட வேண்டாம். விஷயமே அதில்தான் இருக்கின்றது. சாதாரண சைக்கிள் பதினான்கு, பதினைந்து கிலோ. மின் சைக்கிள் ஒன்று இருபதிலிருந்து இருபத்தெட்டுக் கிலோ வரை வரும். இரண்டைச் சேர்த்தால் அரிசி மூடை ஒன்றின் பாரம். அந்த மூடையை வீட்டின் பின் சுவரிலே தொங்க விட்டு, மணிக்கு நூறு கிலோ மீற்றர் வேகத்தில் ஓடப் போகின்றீர்கள்.

அந்தச் சுவர் நம் வீட்டுச் சுவர் போன்றதல்ல. மெல்லிய தகட்டுக்கும் பலகைக்கும் நடுவே நுரைப் பொருளை வைத்து ஒட்டிய சுவர். சைக்கிள் கெரியரின் ஆணிகள் சரியான இடத்தில், உள்ளே பலப்படுத்திய கட்டையோடு இறுக்கப்படாவிட்டால், குலுக்கத்தில் சுவர் விரிசல் கண்டு மழைநீர் உட்புகும். இத்தாலியின் பியாமா, சுவீடனின் தூலே போன்ற கம்பனிகள் செய்யும் கெரியர்களில் எத்தனை கிலோ தாங்கும் என்று பொறித்திருப்பார்கள். சுவரில் பூட்டும் கெரியர் பெரும்பாலும் ஐம்பது, அறுபது கிலோதான் தாங்கும். மூன்று சைக்கிளுக்கு இடம் இருப்பதால் மூன்று மின் சைக்கிளை ஏற்றலாம் என்று எண்ணுவதுதான் ஆபத்து. தண்டவாளம் மூன்று இருக்கும். பலம் இரண்டுக்கே இருக்கும்.

இரண்டாவது வழி, வாகனத்தின் அடிச்சட்டத்தோடு பிணைந்த இழுவைக் கொக்கியில் கெரியரைப் பூட்டுவது. சுவருக்குச் சேதமில்லை, சைக்கிளை உயரத் தூக்கவும் தேவையில்லை. ஆனால் அது இலக்கத் தகட்டையும் பின் விளக்குகளையும் மறைத்துவிடும். எனவே கெரியரிலேயே இன்னொரு தகடும் விளக்குகளும் பொருத்த வேண்டும். மூன்றாவது வழி, பெரிய வாகனங்களில் கட்டிலுக்குக் கீழேயுள்ள பொருட்கூடம். மழையும் படாது, கள்வனும் காணான். ஆனால் வாகனத்தின் விலை கூடும். ஈரச் சேறும் உள்ளே வரும்.

நம் ஊர்களில் சைக்கிளின் பின் கெரியரில் அரிசி மூடையை ஏற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மூடை சற்றுப் பின்னுக்குப் போனால் முன் சில்லு தூக்கும், ஹேண்டில் கைக்குள் நில்லாது. வீட்டு வாகனத்திலும் அதே கணக்குத்தான். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையே 4 மீற்றர் என்று வையுங்கள். சைக்கிள்கள் பின் சில்லுக்கு அப்பால் இரண்டரை மீற்றரில் தொங்குகின்றன. கெரியரோடு சேர்த்து அறுபது கிலோ. அப்போது பின் அச்சில் ஏறும் பாரம் அறுபது கிலோ அல்ல, ஏறக்குறைய 97 கிலோ. முன் அச்சில் 37 கிலோ குறைந்து போகும். முன் சில்லு இழுக்கும் வாகனமாக இருந்தால், ஈரப் புல்லில் நிறுத்திய வாகனம் சில்லுச் சுற்றிக்கொண்டு நகர மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பின் டயர்களுக்கும் அது சுமை.

மொத்தப் பாரத்துக்கும் ஓர் எல்லை உண்டு. ஜேர்மனியில் சாதாரண கார் ஓட்டும் அனுமதிப்பத்திரம் 3,500 கிலோ வரைக்குமே செல்லும். (1999க்கு முன் பத்திரம் எடுத்த மூத்தோர் 7,500 கிலோ வரை ஓட்டலாம், அவர்கள் பாக்கியசாலிகள்!) 3,500 என்பது பெரிய எண்ணாகத் தோன்றும். கொஞ்சம் கணக்குப் பாருங்கள். சாரதியும் எரிபொருளும் சேர்ந்து வாகனம் 3,050 கிலோ என்றால் மீதி 450. துணைவியார் 65. தண்ணீர் நூறு லீற்றர், நூறு கிலோ. வெயில் மறைப்பு 30. சட்டி பானை, சாப்பாடு, உடுப்பு, கதிரை, மேசை 150. மிஞ்சுவது 105. அதில் இரண்டு மின் சைக்கிளும் கெரியரும் 64 கிலோவைத் தின்றுவிட்டால், கையில் 41 கிலோதான். பேரப் பிள்ளை ஒன்றை ஏற்றினால் எல்லாம் முடிந்தது. பொலிஸார் தராசில் ஏற்றினால் தண்டப்பணம். விபத்து நேர்ந்தால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பதும் இதைத்தான். ஆகவே விபரமறிந்தவர்கள் பயணத்துக்கு முன்பே முழுச் சுமையோடு வாகனத்தைப் பொதுத் தராசில் நிறுத்துப் பார்த்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அவர்கள் குறைப்பது தண்ணீரைத்தான். போகும் இடத்தில் நிரப்பிக் கொள்ளலாம்.

ஏற்றும் முறைக்கு வருவோம். பாரமான சைக்கிள் முதலில், சுவரை ஒட்டி. அடுத்தது எதிர்த் திசை பார்த்து, ஹேண்டில்கள் முட்டாதவாறு. ஏற்றுவதற்கு முன் பெட்டரியைக் கழற்றி வாகனத்துக்குள்ளே எடுத்துவிட வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டரை முதல் நான்கு கிலோ வரும். தூக்குவோருக்கும் இலகு, மழையிலிருந்தும் பாதுகாப்பு, கள்வனுக்கும் ஏமாற்றம். பெட்டரி இருந்த இடத்தின் மின்முனைகளை மூடி போட்டு மறைக்க வேண்டும். சில்லுகளைப் பட்டியால் இறுக்க வேண்டும். ஐம்பது கிலோ மீற்றர் ஓடியதும் நிறுத்தி, பட்டிகளை மீண்டும் ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். இந்த ஒரு விடயத்தில் மட்டும் சோம்பல் கூடவே கூடாது. கழன்று விழும் சைக்கிள் சொந்தக்காரனின் தலையில் விழுவதில்லை. பின்னால் மோட்டார் சைக்கிளில் வரும் யாரோ ஒரு தாயின் பிள்ளையின் முன்னால்தான் விழுகிறது.

பெண்களுக்கு இன்னொரு செய்தி. பாவாடையோ அபாயாவோ அணிந்து ஓட்டுவதற்கு வசதியாக, நடுவில் குறுக்குக் குழாய் இல்லாத தாழ்ந்த சட்டச் சைக்கிள்தான் ஏற்றது. சங்கிலிக்கு முழு மூடியும், பின் சில்லுக்கு உடுப்பு சிக்காத மறைப்பும் போட்டு வரும் ஒல்லாந்துச் சைக்கிள்கள் இதற்குப் பேர் போனவை. ஆனால் அநேக கெரியர்களின் பிடிகரம் பிடிப்பது அந்தக் குறுக்குக் குழாயைத்தான்! அது இல்லாவிட்டால் எதைப் பிடிக்கும்? இருக்கைத் தண்டுக்கும் ஹேண்டில் தண்டுக்கும் இடையே கழற்றிப் பூட்டக்கூடிய ஒரு தற்காலிகக் குழாயை விற்கிறார்கள். வாங்குமுன் சைக்கிளின் நிறையைத் தாங்குமா என்று பார்த்தே வாங்க வேண்டும்.

எல்லை கடந்து போவோருக்கு மேலும் சில. இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் போனால், பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சைக்கிளின் மேல் 50 சென்றி மீற்றர் சதுரத்தில் சிவப்பும் வெள்ளையும் சரிந்த கோடிட்ட பலகை தொங்க வேண்டும், இல்லையேல் தண்டம். கப்பலில் வாகனத்தை ஏற்றிப் போகிறவர்கள் நீளத்தைச் சொல்லும்போது சைக்கிளையும் சேர்த்தே சொல்ல வேண்டும், கட்டணம் நீளத்துக்குத்தான். பின்னுக்கு எடுக்கும்போது கணவர் கமெராவை நம்பியிருப்பார்; கமெராவைச் சைக்கிள் மறைத்திருக்கும். அந்நேரத்தில் மனைவி இறங்கிப் பின்னால் நின்று பார்ப்பதே நல்லது. மோசெல் கரையெங்கும் இந்தக் காட்சியைக் காணலாம். அதிகாரம் யார் கையில் என்பதும் விளங்கும்!

பெட்டரிக்கு மின்சாரம் எங்கிருந்து? தரிப்பிடங்களில் 230 வோல்ற் மின்கம்பங்கள் உண்டு. நாணயத்தைப் போட்டோ அட்டையைக் காட்டியோ பிளக்கைச் செருகலாம். மின்கம்பம் இல்லாத இடத்தில் வாகனத்தின் 12 வோல்ற் பெட்டரியிலிருந்து மாற்றி ஏற்ற வேண்டும். 500 வோட் மணி கொண்ட சைக்கிள் பெட்டரி ஒன்றை முழுதாக நிரப்ப, விரயத்தோடு சேர்த்து ஏறத்தாழ 50 அம்பியர் மணி போய்விடும். நூறு அம்பியர் மணிப் பழைய ஈய பெட்டரியில் அது சரி பாதி. ஈய பெட்டரியை அதற்குக் கீழே இறக்குவது நல்லதல்ல. அதாவது இரண்டாவது சைக்கிளுக்கு மின்சாரம் இல்லை. இரவில் எல்லோரும் உறங்கும்போது கட்டிலுக்குக் கீழே பெட்டரியை மின்னேற்ற விடுவது எனக்குச் சம்மதமில்லை. லிதியம் பெட்டரி தீப்பற்றுவது அரிதுதான். பற்றினால் அணைப்பது மிகக் கடினம். பகலில், கண்பார்வையில், விழுந்து அடிபடாத பெட்டரியை மட்டும் ஏற்றுங்கள். உறைபனிக் குளிரிலும் ஏற்றக் கூடாது.

இத்தனை பாடுபட்டுக் கொண்டுபோன சைக்கிளை எங்கே ஓட்டுவது? கொக்ஹெம் என்ற சிற்றூரில் வாகனத்தை நிறுத்துங்கள். குன்றின் மேல் கோட்டை ஒன்று தெரியும். 1689இல் பிரெஞ்சுப் படை தகர்த்ததை 19ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டினார்கள். அங்கிருந்து நதியின் மேற்புறமாக, பைல்ஸ்டைன் என்ற மிகச் சிறிய பழைய கிராமத்தைக் கடந்து எல்லர் வரை, இருபது கிலோ மீற்றருக்கு மேல் நதி ஒரு பெரிய வளையம் போடுகின்றது. பாதை பெரும்பாலும் சமதரை. ஒரு பக்கம் நீர், மறு பக்கம் மலை. களைத்துவிட்டால் எல்லரில் ரயில் ஏறுங்கள். அந்த வளையம் முழுவதையும் ரயில் 4,205 மீற்றர் நீளமான ஒரு சுரங்கத்தால் ஊடறுத்துச் சில நிமிடங்களில் கொக்ஹெமில் இறக்கிவிடும். நூறு வருடங்களுக்கும் மேலாக ஜேர்மனியின் மிக நீண்ட ரயில் சுரங்கமாக இருந்தது அதுதான். இன்னும் வலுவிருந்தால், டவுன் என்ற மலையூரிலிருந்து பேர்ன்காஸ்டல் வரை, கைவிடப்பட்ட ரயில் பாதையின் மேல் போட்ட 58 கிலோ மீற்றர் சைக்கிள் பாதை உண்டு. பழைய பாலங்கள், சுரங்கங்கள் ஊடாக மெல்ல மெல்ல நதிக்கு இறங்கும். மேலே ஏறுவதற்குச் சைக்கிள் இழுவைப் பெட்டி பூட்டிய பஸ் கோடையில் ஓடுகிறது.

கரையோர வீடுகளின் சுவர்களில் வெள்ளம் ஏறிய உயரங்களை வருடத்தோடு கோடிட்டு வைத்திருப்பார்கள். 1993 டிசம்பர்க் கோடு ஓர் ஆளின் தலைக்கு மேலே போகும் இடங்களும் உண்டு. தொடர் மழைக் காலத்தில் நதியோரத் தரிப்பிடங்கள் முதலில் மூழ்கும். அப்போது சைக்கிளை ஏற்றி முடிக்கும் வரை நதி காத்திருக்காது.

ஐரோப்பாவில் பிள்ளைகள் இருக்கும் வாசகர் பலர் இருக்கிறீர்கள். வாப்பாவையும் உம்மாவையும் கோடையில் அழைத்து இப்படியொரு பயணம் போக அவர்கள் ஆசைப்படலாம். ஆசை மிகுதியால் அந்தச் சைக்கிள் ஒன்றை ஊருக்குக் கொண்டுவர முயல வேண்டாம். 160 வோட் மணிக்கு மேற்பட்ட லிதியம் பெட்டரியைப் பயணிகள் விமானத்தில் கையிலும் பெட்டியிலும் கொண்டு செல்ல அனுமதியில்லை. சைக்கிள் பெட்டரி அதைவிட மூன்று மடங்கு பெரியது. இரண்டு கிழமைப் பயணத்துக்கு விலைகொடுத்து வாங்கவும் தேவையில்லை. கொக்ஹெமிலும் ட்ரியரிலும் மின் சைக்கிளை நாள் வாடகைக்குத் தருகிறார்கள். உம்மாவுக்கென்று குறுக்குக் குழாய் இல்லாததைக் கேட்டு, இருக்கையைத் தாழ்த்தி, இரண்டு காலும் தரையில் படுகிறதா என்று பார்த்து எடுத்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.