கூம்பிய கண்

மலர்க்குழுவினர் எம்மிடமும் ஒரு கட்டுரை வேண்டியபோது, பழைய மாணவர் வழமையாக எழுதும் விடுதி வாழ்க்கையையோ துடுப்பாட்டப் போட்டியையோ எழுதலாமென எண்ணினோம். ஆயின், துடுப்பாட்டத்திலே எம்மை நோக்கி வரும் பந்து எமக்கு நான்காகத் தோன்றியமையின், அத்துறையிற் சொல்லத்தக்க கீர்த்தி எமக்கு யாதுமில்லை. ஆகவே, பந்து ஏன் நான்காகத் தோன்றிற்று என்பதையே எழுதத் துணிந்தோம்.

யாம் நயினாதீவிற் பிறந்தோம். 1982ஆம் ஆண்டு, எமது பதினாறாம் வயதிலே, நாகபூஷணி அம்மன் ஆனித் திருவிழா முடிந்து, பொழுதுபட்ட பின் படகேறிக் குறிகட்டுவான் நோக்கி வந்தோம். இறங்குதுறையில் எரிந்த ஒற்றை விளக்கு எமக்கு ஒரு கொத்து விளக்காகத் தெரிந்தது. அருகிலிருந்த இளவலை எத்தனை விளக்கென வினவினோம். "ஒன்றுதானே அண்ணா!" என்று அவன் நகைத்தான். யாம் நகைத்திலோம்.

வகுப்பிலும் அதே கதி. கரும்பலகையில் உள்ள மூன்றை எட்டென எழுதிக் கணக்கைப் பிழைக்க விட்டோம். "தம்பி, வழி சரி, எண்தான் எங்கிருந்து வந்தது?" என்று கணித ஆசிரியர் கேட்பார். ஈராண்டில் மும்முறை மூக்குக்கண்ணாடி மாற்றியும் பயன் விளையவில்லை. ஆச்சி அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக நேர்ந்துகொண்டார்.

1984இல் யாழ்ப்பாணத்துக் கண் வைத்தியர் ஒருவரே நோயின் பெயரைச் சொன்னார்: கெரற்றோகோனஸ். கருமணிக்கு முன்னே மணிக்கூட்டுக் கண்ணாடிபோல் வளைந்து நிற்கும் தெளிந்த படலம் சிலருக்கு இளமையிலே மெலிந்து, உள்ளிருக்கும் அழுத்தத்தைத் தாங்கமாட்டாது கூம்புபோல் முன்தள்ளும். கூம்பு ஒழுங்காகவும் அமையாது. ஒரு புறம் சரிந்து நிற்கும். அதனாலேயே ஒரு விளக்கு பலவாகின்றது, மூக்குக்கண்ணாடியும் தோற்கின்றது. இங்கிலாந்தின் ஜோன் நொட்டிங்காம் என்னும் வைத்தியர் 1854இலே இந்நோயை விரிவாக எழுதிவைத்தார். கண்ணைக் கசக்குவது இதனை மிகுவிக்கும் என்பது இன்று வைத்தியர் பெரும்பாலார் கருத்து. சோளகம் வீசுங்காலத்துப் புழுதியில் வளர்ந்த தீவுப் பிள்ளைகளாகிய யாம் கசக்கிய கசக்கலுக்குக் கணக்கில்லை.

கண்ணின்மேலேயே அணியும் வில்லையொன்றுதான் வழி என்றார் வைத்தியர். மெதுவான வில்லை கூம்பின்மேற் படிந்து தானும் கூம்பாகிவிடும். ஆதலாற் பயன் குறைவு. கடினமான வில்லையோ தன் வடிவம் குலையாது நிற்க, அதன் கீழ் உள்ள மேடுபள்ளத்தைக் கண்ணீர் நிரப்பிச் சமனாக்குகின்றது. புதிய முகம் ஒன்று கண்ணுக்குக் கிடைக்கின்றது என்க. 1888இலே சூரிச் நகரத்து அடோல்ப் பிக் என்பவர் கண்ணாடியால் வில்லை செய்து, அதன் அடியிலே திராட்சை வெல்லக் கரைசலை நிரப்பி அணிந்து பார்த்தார். அதே ஆண்டிற் பாரிசு நகரத்து யூஜீன் கால்ற் கூம்பு நோயாளருக்கே அத்தகைய வில்லையை அணிவித்தார். 1948இல் அமெரிக்கரான கெவின் ரூகி கருமணிப் பரப்பளவில் அடங்கும் சிறிய பிளாத்திக்கு வில்லையைச் செய்தார். எமக்குக் கிடைத்தது அவ்வினத்தது.

1986இல் யாழ்தேவியேறிக் கொழும்புக்குச் சென்று அதனைப் பெற்றோம். அணிந்த அக்கணமே எதிர்ச்சுவரிலிருந்த நாட்காட்டியின் சிற்றெழுத்துக்களும் ஒற்றை ஒற்றையாய்த் தெரிந்தன. அடுத்த கணமே கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற வேதனை. இவ்விரண்டும் ஒரே வில்லையின் குணங்கள் என்பதை யாம் விளங்கிக்கொள்ளப் பல ஆண்டு சென்றன. தெளிவாகத் தெரியும் வில்லை உறுத்தும். உறுத்தாத வில்லை தெளிவு தராது. நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம் தாங்கினால் அது நன்னாள்.

நகரத்து அறையிலே தாங்கிய அவ்வாறு மணித்தியாலமும் கடலிலே நில்லா. சோளகத்திற் படகின் முன்புறமிருந்து தெறிக்கும் உவர்நீர்த் துளியும், கரையேறியதும் முகத்திலடிக்கும் மணலும் வில்லைக்கு அடியிற் புகுந்துவிடும். படகு ஆடும்போது கண்ணிலிருந்து அதனை எடுக்கவும் அஞ்சுவோம். கடலில் விழுந்தாற் கொழும்புப் பிரயாணம் இன்னொன்று.

யாம் செய்த பெரும்பிழையொன்றை ஈண்டு மறையாது சொல்லவேண்டும். 1988இல் வில்லை கழுவும் திரவம் தீர்ந்துபோக, வீட்டுக் கிணற்று நீரிலே கழுவி அணிந்தோம். நான்காம் நாள் வலக்கண் சிவந்து ஒளியைத் தாங்கமாட்டாதாயிற்று. ஆறு கிழமை வைத்தியத்தின் பின் கண் தப்பியது. கருமணியின்மேல் வெண்டழும்பு ஒன்று தங்கிற்று. கிணற்று நீராயினும் குழாய் நீராயினும் அதில் அக்காந்தமீபா முதலிய நுண்ணுயிர்கள் இருத்தல் கூடும். வில்லைக்கு அடியிற் புகுந்தால் அவை கண்ணையே தின்றுவிடும். குடிக்க நன்னீராவது வில்லைக்கு நன்னீரன்று.

பின்னர் யுத்தம். தீவகத்தைவிட்டு மக்கள் பெயர்ந்தபோது யாமும் பெயர்ந்தோம். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சி நோக்கி நடந்த அந்த நெரிசலிலே, மழையில் கண்ணைத் துடைத்தபோது இடக்கண் வில்லை போயிற்று. நல்ல கண்ணின் வில்லை அது. பெட்டி படுக்கையை இழந்தோர், உற்றாரை இழந்தோர் நடுவே நகத்தளவான ஒன்றைத் தேடிக் குனிய எமக்கு நாணமாயிருந்தது, குனியவில்லை. அதன்பின் எட்டாண்டு, தழும்புபட்ட வலக்கண்ணால் மட்டுமே வாசித்தோம்.

பாதை திறந்தபின் 2003இற் கொழும்பிலே காற்றுப்புகும் கடின வில்லை கிடைத்தது. முன்னையதிலும் நன்று, எனினும் கூம்பின் நுனியை உரசிற்று. வலக்கண்ணுக்கு மாற்றுப்படலம் பொருத்தலாமென்றனர். கொடைக் கண்ணுக்கு எமது நாடு வறியதன்று. வைத்தியர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண்தானச் சங்கம் பிறநாடுகளுக்கும் கண் அனுப்பி வருவது உலகறிந்தது. ஆயினும் வில்லையாற் பார்வை கிட்டுமாயிற் சத்திரசிகிச்சையைப் பின்போடலாமென ஒரு வைத்தியர் கூறியதைப் பிடித்துக்கொண்டோம்.

2014இற் சென்னையிலே பெருவில்லை அணிந்தோம். இது கருமணிப்படலத்தைத் தொடாது, வளைவான கூரைபோல் அதனைத் தாண்டி நின்று, வெண்விழியிலே காலூன்றுகின்றது. இடைவெளியை உப்புநீர்க் கரைசல் நிரப்புகின்றது. பிக் செய்ததும் ஏறக்குறைய இதுவே. நூற்றிருபது ஆண்டு சுற்றிவந்து தொடங்கிய இடத்தையே சேர்ந்திருக்கிறார்கள்! பொருத்துபவர் செம்மஞ்சட் சாயமிட்டு நீலவொளியிலே பார்ப்பார். கரைசல் நிற்குமிடம் பச்சையாய் ஒளிரும். வில்லை தொடுமிடம் கருக்கும். மும்முறை அளவை மாற்றினார். ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் இருத்திப் பார்த்தார். அவசரப்படும் கடையில் இவ்வில்லையை வாங்குதல் வீண்செலவு. விலையோ நல்ல கறவைப்பசு ஒன்றின் விலைக்குக் குறையாது. உச்சிப்பொழுதிற் சற்றே பனிமூடினாற்போல் மங்கும். கழற்றிக் கரைசலை மாற்றி மீண்டும் அணிவோம். குனிந்து, தலையை நிலத்துக்கு நேராக்கி, சிறிய இறப்பர்க் கிண்ணத்தால் வில்லையைக் கண்ணுக்குள் ஏற்றும் வித்தை கைவர எமக்குப் பத்து நாள் சென்றது. மனைவியார் அதனைத் தண்டால் என்பார். இப்போது பன்னிரண்டு மணித்தியாலம் அணிகின்றோம். சோளகத்திலும் மணல் புகுவது அரிது.

சென்ற ஆண்டு நெடுந்தீவிலிருந்து வந்த உறவுப் பையன், பதினைந்து வயதினன், எமது வீட்டு முற்றத்தில் நின்று இரண்டு கண்ணையும் கையாற் கசக்கினான். பிறையைக் காட்டி எத்தனை என வினவினோம். "மூன்று, பெரியப்பா," என்றான். 2003ஆம் ஆண்டு முதல் வைத்திய உலகம் அறிந்த சிகிச்சையொன்று உண்டு: உயிர்ச்சத்து பி2 துளிகளை விட்டு ஊதாக்கடந்த ஒளியைப் பாய்ச்சினால், மெலிந்த படலம் இறுகிக் கூம்பு மேலும் வளர்வது பெரும்பாலும் நின்றுவிடும். இழந்த வடிவத்தை அது மீட்காது. ஆதலால் வேளையோடு செய்யவேண்டும். எம் காலத்தில் அஃது இல்லை. மறுகிழமையே அவனைக் கொழும்புக்கு அழைத்துச் சென்றோம். இரண்டு கண்ணுக்கும் செய்தாயிற்று. மூக்குக்கண்ணாடியோடு படிக்கிறான், வில்லை இப்போதைக்கு வேண்டியதில்லையாம். கசக்குவதை மட்டும் இன்னும் முற்றாக விட்டானில்லை. தாயார் கையில் ஒரு சிறு பிரம்பு வைத்திருக்கிறார்.