வயலோரத்துச் சுடர்

பாஸ்கா இரவில் ஆலய விளக்குகள் யாவும் அணைக்கப்படுகின்றன. வெளியே மூட்டிய புதுத் தீயிலிருந்து பாஸ்காத் திரி ஏற்றப்பட்டு, அச்சுடர் ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குச் செல்கிறது. பல நூற்றாண்டுகளாக இவ்வழிபாடு பெரிய சனிக்கிழமைக் காலையிலேயே நடந்து வந்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1951-இல் அதை மீண்டும் இரவுக்குக் கொண்டு வந்தார். பகல் வெளிச்சத்தில் ஏற்றிய திரியின் அருமையை யார் அறிவார்? இருளில் நின்றவரே அறிவார்.

இதை எனக்குக் கற்பித்தது குருமடத்து வகுப்பறை அன்று. தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் கேழ்வரகு வயல்.

சில ஆண்டுகளுக்கு முன், பெங்களூருக்குக் கட்டட வேலைக்குச் சென்ற இளைஞன் ஒருவன் சாரத்திலிருந்து விழுந்து இறந்தான். எங்கள் ஆலயத்துக்கு அடுத்த தெருவில் வாழ்ந்த இந்துக் குடும்பத்தின் ஒரே மகன் அவன். அவ்வாண்டு உயிர்ப்பு விழா இரவில் அவனுடைய தந்தை ஆலயத்தின் கடைசித் தூணருகே நின்றிருந்தார். திருப்பலி முடிந்ததும் என்னிடம் வந்து, “சாமி, செத்தவர் எழுந்தார்னு சொல்றீங்களே, என் மவன் எழுவானா?” என்று கேட்டார்.

நான் இறையியல் பயின்றவன். புனித பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 15-ஆம் அதிகாரத்தை எடுத்து விளக்கினேன். முதற்கனி என்றேன், விதை என்றேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டு, கைகூப்பிவிட்டுப் போனார். விளக்கத்தில் பிழையில்லை. ஆயினும் அதன்பின் அவர் வீட்டு வாயிலை நான் மிதிக்கவில்லை. துக்க வீட்டில் மதம் பேச வந்தார் என்று ஊரார் நினைப்பார்களோ என்ற அச்சம்! அந்த அச்சத்துக்கு அடக்கம் என்று பெயர் சூட்டிக்கொண்டேன்.

எம் பங்கைச் சேர்ந்த கைம்பெண் ஒருவர் அவ்வாறு எண்ணவில்லை. புளி தட்டிக் கூலி பெற்று வாழ்பவர் அவர். பல மாதங்கள், மாலைதோறும் அவ்வீட்டுக்குச் சென்று பையனின் தாயருகே அமர்ந்திருந்தார். அடுப்பெரியாத நாள்களில் களி கிண்டி வைத்தார். “அங்கே என்னம்மா சொன்னீங்க?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நான் என்ன சாமி சொல்லுவேன்? எம்புள்ள செத்தப்ப நான் எப்படி எந்திரிச்சேன்னு அந்தம்மா கேட்டாங்க. ஏசு சாமி என் கையைப் பிடிச்சாருன்னு சொன்னேன். அவ்ளோதான்.”

மாற்கு நற்செய்தியின் 16-ஆம் அதிகாரத்தில், கல்லறைக்குச் சென்ற பெண்கள் அச்சத்தால் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஓடுகின்றனர். அவ்வச்சம் எனக்கு அந்நியமன்று. யோவான் நற்செய்தியிலோ, அழுதுகொண்டு நின்ற மகதலா மரியா தம் பெயர் சொல்லி அழைக்கப்பட்டதும் ஆண்டவரை அறிந்துகொள்கிறார். சீடரிடம் செய்தியைச் சுமந்து செல்கிறார். ஜூலை 22-ஆம் நாளுக்குரிய அவருடைய நினைவைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் விழாவாக உயர்த்தினார். திருத்தூதர்களுக்கே திருத்தூதரானவர், முதலில் கல்லறையருகே அழுதவர் என்பதை நாம் மறத்தலாகாது.

1623-இல் மதுரையிலிருந்து சேலம் சீமைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி, இம்மக்களின் மொழியையும் வாழ்வையும் கற்ற பின்னரே நற்செய்தியைப் பேசினார். அக்கைம்பெண்ணும் ஒரு மொழியைக் கற்றிருந்தார். அது மகனை இழந்த தாயின் மொழி.

மறு ஆண்டு பாஸ்கா இரவில் பெரியவர் மீண்டும் வந்தார். ஒரு திரியை ஏற்றித் தருமாறு கேட்டார். ஒரு கையால் காற்றை மறைத்தபடி, வயலோரத்தில் மகனைப் புதைத்த இடத்துக்கு அதைக் கொண்டுபோனார். இம்முறை நானும் உடன் நடந்தேன். அவர் திருமுழுக்குக் கேட்கவில்லை. நானும் அதுபற்றிப் பேசவில்லை. ஓராண்டுக்கு முன் அவர் கேட்ட வினாவுக்கு அங்கே நின்று மறுமொழி சொன்னேன்: “எழுவான் ஐயா. நான் அதை நம்பறேன்.”

அன்பர்களே, திருவிழிப்பு முடிந்ததும் நம் கைத்திரியை அணைத்துப் பெட்டியில் போட்டுவிட்டு வீடு திரும்புகிறோம். அடுத்த தெருவில் இருண்டு கிடக்கும் வீடு எது என்பதை நாம் அறிவோமா? உயிர்த்த ஆண்டவர் அவ்வீட்டு வாயிலில் நமக்காகக் காத்திருக்கிறார். அல்லேலூயா!