செங்கோட்டைப் பாரக்குகள்

ஊரிலிருந்து வரும் உறவினரைச் செங்கோட்டைக்கு அழைத்துச் செல்லாத டில்லித் தமிழ்க் குடும்பம் இராது. லாகூர் வாயிலில் நுழைகிறோம். சத்தா சௌக்கின் கடைகளில் வளையலும் பாசிமணியும் விலை பேசுகிறோம். திவானி ஆமையும் திவானி காஸையும் கண்டு களித்துத் திரும்பிவிடுகிறோம். இடையில் நிற்கும் நீண்ட மாடிக் கட்டடங்களை நின்று நோக்குவோர் மிகச் சிலரே. பளிங்கும் பூவேலையும் இல்லாத அவை, ஆங்கிலேயர் தம் சிப்பாய்களுக்காகக் கட்டிய பாரக்குகள். ஆயினும், இக்கோட்டையில் தமிழராகிய நமக்கு நெருங்கிய உரிமையுள்ள இடம் எதுவென்று கேட்டால், நாம் அவற்றையே சுட்டுவோம்.

ஷாஜஹான் 1639-இல் தொடங்கி 1648-இல் முடித்த கோட்டை இது. 1857-ஆம் ஆண்டுப் புரட்சி அடங்கியபின், கடைசி மொகலாய மன்னர் பகதூர்ஷாவைத் தம் முன்னோரின் திவானி காஸிலேயே குற்றவாளியாக நிறுத்தி 1858-இல் விசாரித்தனர். பின்பு ரங்கூனுக்கு அனுப்பினர். மன்னர் போனதும் அரண்மனையின் பெரும்பகுதியும் போயிற்று. அந்தப்புரங்களும் தோட்டங்களும் இருந்த இடத்தில் பாரக்குகள் எழுந்தன.

அக்காலத்துப் பாரக்குகளின் அமைப்புக்கு ஒரு காரணம் உண்டு. இந்தியாவிலிருந்த ஆங்கிலச் சிப்பாய்களில் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு 69 பேர் வீதம், பெரும்பாலும் நோயினால், மாண்டனர் என்று 1863-இல் வெளிவந்த அரச விசாரணைக் குழுவின் அறிக்கை கூறிற்று. ஆகவே உயர்ந்த கூரை, தடித்த சுவர், வெயிலைத் தடுக்கும் வராந்தா, காற்றோட்டம் ஆகியவை படைவீடுகளுக்கு இன்றியமையாதவை ஆயின. சிப்பாயின் உயிரைக் காக்க வகுத்த அந்த அமைப்பே, இக்கட்டடங்கள் பிற்காலத்தில் வேறு பணிகளுக்கு உதவவும் வழிசெய்தது.

1945 நவம்பர் 5-ஆம் நாள் பாரக்கு ஒன்று நீதிமன்றமாயிற்று. இந்திய தேசிய இராணுவத்தைச் சேர்ந்த ஷா நவாஸ் கான், பிரேம் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவரையும் இராணுவ நீதிமன்றம் அங்கே விசாரித்தது. புலாபாய் தேசாய் அவர்களுக்காக வாதாடினார். பல்லாண்டு கழித்து நேருவும் வக்கீல் அங்கி அணிந்து வந்தார். ஒரு முஸ்லிம், ஓர் இந்து, ஒரு சீக்கியர் ஆகிய மூவருக்காகவும் நாடு ஒருமித்துக் குரலெழுப்பிற்று. விதிக்கப்பட்ட ஆயுட்கால நாடுகடத்தல் தண்டனையை 1946 ஜனவரித் தொடக்கத்தில் சேனாதிபதி ஆக்கின்லெக் தள்ளுபடி செய்ய நேர்ந்தது.

அந்தச் சேனையில் நின்றவர் யார்? மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர் பல்லாயிரவர். 1943-இல் அமைந்த ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவருள் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். அதற்குத் தலைமை தாங்கிய டாக்டர் லட்சுமி சென்னையில் பிறந்தவர். பிரேம் சாகலை 1947-இல் மணந்தவர். பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களே நாட்டுக்காகத் துப்பாக்கி ஏந்தினர் என்பதை, பிழைப்புக்காக டில்லிக்கு வந்த நாம் எளிதில் மறக்கலாகாது.

சுதந்திரத்திற்குப் பின்னரும் கோட்டையின் பெரும்பகுதி இராணுவத்தின் வசமே இருந்தது. 2003 டிசம்பரில் அது தொல்பொருள் துறையிடம் வந்தது. 2007-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. 2019 ஜனவரி 23-ஆம் நாள், நேதாஜியின் பிறந்தநாளில், இப்பாரக்குகளில் நான்கு அருங்காட்சியகங்கள் திறக்கப்பெற்றன. ஒன்று நேதாஜிக்கும் அவர் சேனைக்கும் உரியது. மற்றவை ஜாலியன்வாலாபாக்கையும் முதல் உலகப் போரையும், 1857-ஆம் ஆண்டுப் போராட்டத்தையும், இந்தியக் கலையையும் பற்றியவை. நேதாஜி பயன்படுத்திய மர நாற்காலியும் வாளும் அங்கே இருக்கின்றன.

பழங்கட்டடத்தைப் புதிய பணிக்கு மாற்றுவது புதிதாகக் கட்டுவதினும் அரிது. சுண்ணாம்புச் சாந்தாலான சுவர் ஈரத்தை வாங்கி, தானே வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசிவிட்டால் ஈரம் உள்ளே தங்கிச் செங்கல்லை அரிக்கும். மின்கம்பி வேண்டும், விளக்கு வேண்டும், கூட்டத்தைத் தாங்கும் தளமும் வேண்டும். பழைய முகமும் கெடலாகாது. அரண்மனையை அழித்தவன் கட்டியதை ஏன் இத்தனை பரிவுடன் காக்கவேண்டுமென்று சிலர் கேட்கலாம். கட்டியவன் ஒருவனாயினும், குற்றவாளிக் கூண்டில் நின்று அதன் வரலாற்றை மாற்றியவர்கள் நம்மவர்கள். அதனை இடித்தால் அவர்கள் நின்ற இடமும் போய்விடும்.

எல்லாப் படைவீடுகளுக்கும் இந்தப் பேறு கிட்டுவதில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் டல்ஹௌசி சாலையில் அவசரமாக எழுந்த கூடங்கள், போர் முடிந்து பல பத்தாண்டுகள் பாதுகாப்பு அமைச்சகத்தின் காரியாலயங்களாகவே நீடித்தன. டில்லியில் ‘ஹட்மெண்ட்’ என்றால் தெரியாத குமாஸ்தா இல்லை. கோடையில் வெந்தும் மாரிக்காலத்தில் நடுங்கியும் அவற்றில் கோப்பெழுதிய சம்பளத்தில் கரோல்பாகில் குடித்தனம் நடத்தி, பிள்ளைகளைப் படிக்கவைத்த தமிழர் பலர். 2021 செப்டம்பரில் ஆப்பிரிக்கா அவென்யூவிலும் கஸ்தூர்பா காந்தி மார்க்கிலும் புதிய மாளிகைகள் திறக்கப்பெற்று, ஏழாயிரத்துக்கு மேற்பட்ட ஊழியர்கள் அங்கே இடம் பெயர்ந்தனர். ஊழியர் நலனுக்கு அது நன்றே. ஆனால் அந்தத் தகரக் கூரையின்கீழ்க் கழிந்த வாழ்நாட்களைச் சொல்ல அருங்காட்சியகம் ஏதும் இல்லை.

ஆகவே அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். திங்கட்கிழமை கோட்டைக்கு விடுமுறை. மற்றொரு நாள் குழந்தைகளை அழைத்துச் சென்று, பளிங்கு மண்டபங்களுக்கு முன்பாக இந்தப் பாரக்குகளைக் காட்டுங்கள். தோட்டத்து வேலையை விட்டுப் படையில் சேர்ந்த தமிழ்ப் பெண்களின் கதையை அங்கே சொல்லுங்கள். அப்படியே, ஹட்மெண்டில் உழைத்த தாத்தாவின் பெயரையும், அவர் ஏறிய படியையும், அமர்ந்த நாற்காலியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கோட்டைக் கட்டடத்தைக் காக்கச் சர்க்கார் இருக்கிறது. தாத்தாவின் கதையைக் காக்க நம்மையன்றி வேறு எவரும் இல்லை.