அந்த 69 இலட்சம் பேர் எங்கே?

2019 நவம்பர் 16ஆம் திகதி நடைபெற்ற ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷவுக்குக் கிடைத்த வாக்குகள் 69 இலட்சத்து 24 ஆயிரத்து 255. செல்லுபடியான வாக்குகளில் 52.25 சதவீதம். இன்று அந்த வாக்காளர்களுள் ஒருவரைக் கண்டுபிடிப்பது கல்லில் நார் உரிப்பதற்குச் சமம். 2022 ஜூலையில் அவர் நாட்டைவிட்டு ஓடிய பின்னர், நான் பேச்சுக்கொடுத்த முச்சக்கரவண்டிச் சாரதிகள், கடைக்காரர்கள், ஓய்வுபெற்ற உத்தியோகத்தர்கள் எவருமே அவருக்குப் போட்டதாகச் சொல்லவில்லை. "நாங்கள் போடவில்லை மஹத்தயா, ஊரில் இருக்கிறவர்கள்தான் போட்டார்கள்" என்றார் ஒருவர். அவருடைய ஊருக்குப் போய் விசாரித்திருந்தால், கொழும்பிலிருப்பவர்களைக் கைகாட்டியிருப்பார்கள். சிங்களத்தில் "69 இலட்சம்" என்பதே கேலிச் சொல்லாகிவிட்டது.

இவர்கள் அனைவரும் தெரிந்தே பொய் சொல்கிறார்கள் என்று நான் கருதவில்லை. அமெரிக்காவில் இதற்கு நேரெதிரான ஒன்று நடந்தது. 1960இல் ஜோன் கென்னடி பெற்றது 49.7 சதவீத வாக்குகளே. மயிரிழையில் வென்றவர் அவர். 1963இல் அவர் சுட்டுக்கொல்லப்பட்ட பின்னர் கருத்துக் கணிப்பாளர்கள் கேட்டபோது, ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் அவருக்கே வாக்களித்ததாகக் கூறினர். துக்கம் வாக்குகளைப் பெருக்கியது. நம் நாட்டில் வெட்கம் அவற்றைக் கரைத்துவிட்டது.

உளவியலாளர் லியோன் ஃபெஸ்ரிங்கர் 1957இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு பெயர் சூட்டினார். அறிகை முரண்பாடு என்று அதைத் தமிழில் சொல்கிறோம். 'நான் விபரமுள்ளவன்' என்ற எண்ணமும், 'சமையல் எரிவாயு சிலிண்டருக்கு இரண்டு நாள் வரிசையில் நிற்கவைத்தவரை நானே தெரிவுசெய்தேன்' என்ற எண்ணமும் ஒரே மனத்தில் நெடுநாள் குடித்தனம் நடத்த இயலாது. ஒன்று வெளியேற வேண்டும். 'நான் விபரமுள்ளவன்' என்பதை எவரும் எளிதில் வெளியேற்றுவதில்லை. ஆகவே வாக்கு மறக்கப்படுகிறது. மறக்க முடியாதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது, "ஏமாற்றிவிட்டார்கள்" என்ற சொல்.

உண்மையில் அந்த வாக்கு அத்தனை வெட்கப்படத்தக்கதா? 2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு தினத்தன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்தன. முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்திருந்தும் அன்றைய அரசு தடுக்கத் தவறியது. அதன் பின்னர் தெற்கிலிருந்தவர்கள் தேடியது ஆட்சியாளரையன்று, காவற்காரரை. அச்சம் கொண்டவன் பொருளாதாரக் கொள்கையைப் பற்றி வினவுவதில்லை. பதவியேற்ற கையோடு பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, திறைசேரிக்கு என்ன ஆகும் என்று கேட்டவர்கள் மிகச் சிலர். அந்த நாட்களில் இளைஞர்கள் தூரிகையும் கையுமாக நாடெங்கும் மதில்களில் ஓவியம் தீட்டினார்கள். புதிய யுகம் பிறந்துவிட்டதென்று அவர்கள் மனப்பூர்வமாகவே நம்பினார்கள். அந்த மதில்களைக் கண்டு முகஞ்சுளித்த சிங்கள நண்பர் ஒருவரைக்கூட நான் அப்போது சந்திக்கவில்லை.

இதைப் படிக்கும் தமிழ் வாசகர்கள், 'நாங்கள் அவருக்குப் போடவில்லையே' என்று நிமிர்ந்து உட்கார்ந்திருக்கக்கூடும். யாழ். மாவட்டத்தில் அந்தத் தேர்தலில் 80 சதவீதத்துக்கும் அதிகமான வாக்குகள் சஜித் பிரேமதாசவுக்கே விழுந்தன என்பது உண்மைதான். ஆனால் 2010 ஜனவரியை நினைத்துப்பாருங்கள். முள்ளிவாய்க்கால் முடிந்து எட்டு மாதங்கள். போரை நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா, மஹிந்த ராஜபக்ஷவை எதிர்த்து நின்றார். யாழ். மாவட்டத்தில் வாக்காளரில் நான்கில் ஒருவரளவிலேயே சாவடிக்குச் சென்றனர். சென்றவர்களில் ஏறத்தாழ 64 சதவீதமானோர் தளபதிக்கு வாக்களித்தனர். "அவருக்கு அல்ல, மற்றவருக்கு எதிராக" என்பது அன்று சொல்லப்பட்ட விளக்கம். நியாயமான விளக்கமே. ஆயினும் வாக்குச்சீட்டில் அந்த விளக்கத்தை எழுத இடமில்லை.

2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் யாழ். மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் தேசிய மக்கள் சக்தி வென்றது. அதன் முதுகெலும்பான ஜே.வி.பி. தொடுத்த வழக்கினால்தான் 2006இல் வடக்கு கிழக்கு பிரிக்கப்பட்டது. அக்கட்சிக்கு வாக்களித்த உறவினர் ஒருவரிடம் இதை நினைவூட்டினேன். "அதெல்லாம் பழைய கதை அண்ணை, எங்கடை ஆக்கள் இத்தனை வருஷமாய் என்ன செய்தவை?" என்றார். கோபம் வந்துவிட்டால் நினைவுக்கு விடுமுறை கொடுப்பதில் தெற்கென்ன, வடக்கென்ன. அவருடைய கோபத்தில் பாதி எனக்கும் உண்டு என்பதையும் சொல்லவேண்டும்.

தெற்கில் நடந்ததோ இன்னும் விசித்திரம். 2020இல் 145 ஆசனங்களை அள்ளிய பொதுஜன பெரமுன 2024இல் மூன்றுக்கு இறங்கியது. 2020இல் மூன்றே ஆசனங்களைப் பெற்ற தேசிய மக்கள் சக்தி 159ஐ எட்டியது. வாக்களித்தவர்கள் பெரும்பாலும் அதே மக்கள். அதற்கு ஆறு மாதங்கள் கழித்து, 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில் தேசிய மக்கள் சக்தியின் வாக்குப் பங்கு 61 சதவீதத்திலிருந்து 43 சதவீதமாகக் குறைந்தது. அந்த வாரமே தேநீர்க் கடையொன்றில் ஒருவர், தான் நவம்பரில் வாக்களிக்கவே போகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவர், "போன வருஷம் மையிட்ட விரலை எங்களுக்குக் காட்டினது யார்?" என்று கேட்டார்.