வாடகைக் காருக்கு வந்த 100 பவுண்டு பில்

இங்கிலாந்தில் டியூட்டிக்காக வாடகைக் கார் எடுக்கும் ஜூனியர்களுக்காக இந்த இழை.

சூப்பர் மார்க்கெட்ல என் கார் 11 மணி நேரம் நின்னுச்சாம். பார்க்கிங் கம்பெனி 100 பவுண்டு கேட்டுச்சு. காலையில பால் வாங்க அஞ்சு நிமிஷம், ராத்திரி திரும்பும்போது அஞ்சு நிமிஷம். நடுவுல வெளியே போனதைக் கேமரா கோட்டை விட்டுடுச்சு. இங்கே இது அடிக்கடி நடக்கும்.

பயப்படாதீங்க. கவுன்சில் அனுப்புறதுதான் அபராதம். தனியார் அனுப்புறது பில். ரெண்டுக்குமே 'பிசிஎன்'னு பேர் இருக்கறதால பலர் பதறிக் கட்டிடுறாங்க.

2012 சட்டப்படி (இங்கிலாந்து, வேல்ஸ் மட்டும்), ஓட்டியவர் யாருன்னு தெரியாம வாடகைக்கு எடுத்தவர்கிட்ட பணம் கேட்கணும்னா, வாடகை ஒப்பந்தம், நாம கையெழுத்துப் போட்ட பொறுப்பேற்புத் தாள், கார் கம்பெனிக்குப் போன முதல் நோட்டீஸ் எல்லாத்தோட நகலும் கூடவே வரணும். எனக்கு வந்தது ஒத்தைத் தாள்.

"வாடகைக்கு எடுத்தவர்" என்றே எழுதினேன். ஓட்டியவர் பேரைச் சொல்லணும்னு கட்டாயம் இல்லை. கார் நம்பரோட ஆஸ்பத்திரி பார்க்கிங் ரசீதையும் வெச்சேன். நிராகரிச்சாங்க. 28 நாளுக்குள்ள 'பாப்லா'வுல இலவச மேல்முறையீடு, அங்கே ரத்தாச்சு.

ஆனா நம்ம முகவரியைக் கொடுத்ததுக்குக் கார் கம்பெனி கார்டுல எடுத்த 30 பவுண்டு இன்னும் வரலை. அடுத்த மெயில் அவங்களுக்குத்தான்.