நுரை அடங்கட்டும்

அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் 28 என்ற எண்ணைத் தெரியும். பசும்பாலில் லாக்டோமீட்டர் 28 டிகிரி காட்டினால் நல்ல பால். 26-க்குக் கீழே போனால் தண்ணீர் சேர்த்திருக்கிறார்கள் என்று பால் சொசைட்டியில் முடிவு கட்டிவிடுவார்கள்.

வண்டியூரில் எங்கள் தொழுவத்தில் விடியுமுன்னே பால் பீச்சி, சூடு ஆறுவதற்குள் வாளியோடு சொசைட்டிக்கு நடப்போம். தெப்பக்குளத்துக்குத் தண்ணீர் விட்டிருக்கும் நாட்களில் எத்தனை படி மூழ்கியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே வருவேன். நான் படித்த முதல் அளவுகோல் திருமலை நாயக்கர் வெட்டிய அந்தக் குளத்தின் படிகள்தான்.

ஒருநாள் சொசைட்டியில் எங்கள் பாலைச் சாடியில் சடசடவென்று ஊற்றினார்கள். நுரை பொங்கி நின்றது. அளந்தவர் நின்றவாக்கில் எட்டிப் பார்த்து, “25” என்று நோட்டில் எழுதினார்.

“ஒரு சொட்டுத் தண்ணி சேக்கலய்யா.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்பத்தா வாளியைக் கழுவிக் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டாள். வீடு வரும்வரை பேசவில்லை. எனக்கு அப்போது பத்து வயது.

பிளஸ் டூ வேதியியல் ஆய்வகத்தில்தான் அந்தச் சாடி மறுபடி என் கண்முன் வந்தது. பியூரெட்டில் ஊதா நிறப் பெர்மாங்கனேட். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 0.1 மில்லி லிட்டர். நிறமில்லாத திரவம் என்றால் பிறை போல் குழிந்த அடிவளைவைப் பார்க்க வேண்டும். பெர்மாங்கனேட்டின் கருமையில் அடிவளைவு தெரியாது, மேல் விளிம்பைத்தான் படிக்க வேண்டும். “கண்ணை அந்த மட்டத்துக்குக் கொண்டு வா. மேலேயிருந்து பார்த்தால் ஒரு எண், கீழேயிருந்து பார்த்தால் வேறு எண்” என்றார் ஆசிரியர். இடமாறு தோற்றப்பிழை என்று புத்தகத்தில் மனப்பாடம் செய்திருந்த சொல்லுக்கு அன்றுதான் எனக்குப் பொருள் புரிந்தது.

வகுப்பு முடிந்ததும் பாலைப் பற்றிக் கேட்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். லாக்டோமீட்டரில் எண்கள் மேலிருந்து கீழாகக் கூடும். நுரை மூடினால் அடியிலுள்ள பெரிய எண்கள் மறைந்து, சிறிய எண்தான் கண்ணில் படும். சூடான பாலுக்கு அடர்த்தி குறைவு. கறந்தவுடன் பாலில் காற்றுக் குமிழிகளும் இருக்கும். மூன்றும் சேர்ந்தால் நல்ல பாலும் தண்ணீர்ப் பாலாகத் தெரியும் என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வாளியை நான் தூக்கினேன். பாலை ஆறவிட்டுத்தான் கொண்டுபோனோம். சாடியைச் சாய்த்து, ஓரமாக ஊற்றச் சொன்னேன்.

“நுரை அடங்கட்டும்ண்ணே.”

கருவி சாடியின் சுவரைத் தொடாமல் மிதந்து நின்றதும் முழங்காலிட்டுப் பார்த்தேன். அளப்பவரும் என் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, வெகுநேரம் பார்த்தார்.

“28.”

அப்பத்தாவுக்கு நன்றாகவே கேட்டிருக்கும். ஆனாலும் வரிசையின் கடைசி ஆள்வரை எட்டும்படி குரலை உயர்த்தி மறுபடி கேட்டாள்.

“எம்புட்டுய்யா?”